அம்மைக்கு லீவு உண்டு... காய்ச்சலுக்கு? தாராபுரம் பக்கம் ஒரு பயணம்

திருப்பூரில் இருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். வழியெங்கும் காற்றாலைகள், தென்னந்தோப்புகள், மழையை நம்பிக் கிடக்கும் மேட்டாங்காடுகள். அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிறது தாராபுரம். கோவை மாவட்டத்தில் இருந்து, 1979-ல் ஈரோடு பக்கம் போய், 2009-ல் திருப்பூர் மாவட்டத்தோடு சேர்ந்த பழைய ஊர். ரயில் கிடையாது. தைப்பூசம் வந்தால் பழநிக்கு நடக்கும் பக்தர்கள் கூட்டம் இந்த ஊர் வழியாகத்தான் போகும்.

மற்ற நாள்களில் இந்தப் பக்கத்து ஊர்களை எழுப்பிவிடுவது கம்பெனி வேன்களின் ஹாரன் சத்தம். பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் ஆள் ஏற்றிப்போகும் வேன்கள் அவை. டெய்லர், செக்கிங், கைமடி என்று ஆளுக்கொரு வேலை. காலை 8.30-க்குத் தொடங்கி இரவு 8.30 வரை போனால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம்.

அம்மா வேன் ஏறிவிட்டால் குழந்தை? அம்மாயி வீடு, அல்லது அங்கன்வாடி. பல வீடுகளில் இரண்டும்தான். பகலில் அங்கன்வாடி, மாலைக்கு மேல் அம்மாயி.

ஒரே ஹால், 20 குழந்தைகள்

நாடு முழுக்க ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2-ம் தேதி. இன்று தமிழகத்தில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. எந்த ஊருக்குப் போனாலும் அடையாளம் ஒன்றுதான். சுவரில் யானை, மயில், 'அ' முதல் 'ஃ' வரை. உள்ளே ஒரு ஹால், பக்கத்தில் சமையலறை, வரிசையாகத் தட்டும் டம்ளரும். ஒரு பணியாளர், ஓர் உதவியாளர்.

மதியச் சாப்பாடு, முட்டை, பாட்டு, தூக்கம் எல்லாம் ஒரே இடத்தில். பிள்ளைகளுக்குப் பிடித்தது இதுதான். கிருமிகளுக்கும் பிடித்தது இதுதான். இரண்டு வயதுக் குழந்தை கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும். அது கீழே போட்ட பொம்மையை அடுத்த குழந்தை எடுக்கும். ஒருத்தருக்கு மூக்கு ஒழுகினால் நாலு நாளில் பாதி ஹால் தும்மும்.

இதற்கு அருகிலேயே நடந்த உதாரணம் ஒன்று உண்டு. 2022 மே மாதம் கேரளாவின் கொல்லம் மாவட்டத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' பரவியது. கை, கால், வாயில் சிவந்த கொப்புளங்கள். பாதிக்கப்பட்ட 80-க்கும் மேற்பட்டோர் 5 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள். செங்கோட்டையைத் தாண்டியதும் வரும் ஆரியங்காவு பக்கமும் நோய் இருந்தது. அங்கே அங்கன்வாடிகளை மூடினார்கள். இங்கே கோவை, வாளையாறு சோதனைச் சாவடியில் சுகாதாரத் துறையினர் வண்டிகளை நிறுத்திக் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள்.

பெயரைக் கேட்டு மிரண்டவர்கள் பலர். ஆனால், தக்காளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேரளாவில் இருந்து இங்கிலாந்து திரும்பிய இரண்டு பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, குழந்தைகளிடம் வழக்கமாக வரும் கை, கால், வாய் நோயின் வைரஸ்தான் தென்பட்டது. பெரும்பாலும் 7 முதல் 10 நாள்களில் தானாகவே சரியாகிவிடும். ஆனால், எச்சில், கொப்புள நீர், மலம் என மூன்று வழியிலும் பரவும். கொப்புளம் காய்ந்த பிறகும் சில வாரங்களுக்கு மலத்தில் வைரஸ் வெளியேறும்.

வேப்பிலை கட்டிய வீடு

நோய் கண்ட பிள்ளையை மற்றவர்களிடம் இருந்து விலக்கி வைப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை தொங்கும். அதைப் பார்த்த விருந்தாளி திரும்பிப் போய்விடுவார். அந்த வீட்டில் தாளிப்பு கிடையாது. வெளியே போய் வந்தவர்கள் கை, கால் கழுவாமல் உள்ளே வரக் கூடாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளை வெளியே போகாது.

பெரியம்மை ஆயிரக்கணக்கில் உயிர் குடித்த காலத்தில் வேரூன்றிய பழக்கம் இது. இந்தியாவில் பெரியம்மை 1975-ல் முடிவுக்கு வந்தது. பழக்கம் சின்னம்மைக்கும் தொடர்கிறது. கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்கு தட்டும் வரை தனியாக இருக்க வேண்டும் என்றுதான் மருத்துவமும் சொல்கிறது. சாமிக்குப் பயந்து செய்தாலும், டாக்டர் சொல்லிச் செய்தாலும் அடுத்த வீட்டுப் பிள்ளை தப்பிக்கிறது. வேப்பிலையோடு நிறுத்திவிடாமல் டாக்டரையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"பிள்ளைக்கு அம்மா வார்த்திருக்கு" என்று சொன்னால் சூப்பர்வைசரும் மறுபேச்சு பேச மாட்டார். சம்பளம் கிடைக்காது, ஆனால் லீவு கிடைத்துவிடும். அதே பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால்? சாதாரணக் காய்ச்சல் என்றால்? வேப்பிலை கட்டாத நோய்க்கு அந்த மரியாதை இல்லை.

அங்கேதான் சிக்கல். காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்தால் காய்ச்சல் இறங்கும். பிள்ளை சிரித்துக்கொண்டே அங்கன்வாடி போகும். மதியம் மருந்தின் வேகம் குறைந்ததும் உடம்பு மறுபடி சுடும். அதற்குள் 20 பிள்ளைகளோடு விளையாடி, சாப்பிட்டு, படுத்து எழுந்திருக்கும். இதை அம்மாவின் அலட்சியம் என்று சொல்வது எளிது. ஆனால், பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒரு நாள் லீவு என்பது அந்தச் சனிக்கிழமை கையில் வாங்கும் பணத்தில் நேராக விழும் வெட்டு.

எத்தனை நாள் வீட்டில்?

பல நாடுகளில் குழந்தைகள் காப்பகங்கள் கடைப்பிடிக்கும் விதிகள் எளிமையானவை. எல்லா நோய்க்கும் ஒரு வாரம் லீவு போடத் தேவையில்லை.

* காய்ச்சல்: மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்பலாம்.
* வாந்தி, வயிற்றுப்போக்கு: நின்ற பிறகு 48 மணி நேரம்.
* சின்னம்மை: எல்லாக் கொப்புளங்களும் காயும் வரை.
* தட்டம்மை: தடிப்பு வந்த பிறகு 4 நாள்.
* பொன்னுக்கு வீங்கி: வீக்கம் தொடங்கியதில் இருந்து 5 நாள்.
* காய்ச்சல் இல்லாத வெறும் சளி: பிள்ளை தெம்பாக இருந்தால் அனுப்பலாம்.

வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்துவர வேண்டும். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து துவண்டாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சோப்பு, துண்டு, தொட்டி

மையத்துக்குள் செய்ய வேண்டியதில் முதலிடம் சோப்புக்கு. சோப்பு போட்டுக் கை கழுவும் பழக்கத்தைக் கொண்டுவந்தால், குழந்தைகள் காப்பகங்களில் வயிற்றுப்போக்கு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று உலக அளவில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சாப்பிடும் முன்பும் கழிப்பறை போய் வந்த பிறகும் பிள்ளைகள் கழுவ வேண்டும். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட உதவியாளர், சமையலறைக்குள் போகும் முன் கழுவியே ஆக வேண்டும். கை, கால், வாய் நோய் வைரஸுக்கு சானிடைசரைவிட சோப்பும் தண்ணீரும்தான் நல்லது.

அடுத்து, ஆணியில் தொங்கும் அந்த ஒற்றைத் துண்டு. 20 பிள்ளைகள் அதில் கை துடைத்தால் கழுவியதே வீண். ஆளுக்கொரு கைக்குட்டை போதும். வாயில் வைக்கும் பொம்மைகளைத் தினமும் கழுவி வெயிலில் காயவைக்கலாம். வெயிலுக்குத் தாராபுரத்தில் பஞ்சமில்லை.

தண்ணீருக்குத்தான் பஞ்சம் வருகிறது. குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊர்களில் டிரம், தொட்டி, குடம் என்று பிடித்து வைப்பார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில், அதாவது பிள்ளைகள் மையத்தில் இருக்கும் நேரத்தில் கடிப்பது. முட்டை கொசுவாக மாற ஒன்றரை வாரம்கூட வேண்டாம். எனவே வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, மூடி வைக்க வேண்டும்.

தமிழகத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது எனத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இலவசம். ஒடிசா, பீகாரில் இருந்து வந்து மில் குடியிருப்புகளில் தங்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த ஊசிகள் விட்டுப்போக வாய்ப்பு அதிகம். பழைய அட்டை இல்லை என்றாலும் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் விட்டதைப் போட வழி செய்வார்.

அந்த ஒரு நாள் கூலி

சோப்பும் ஊசியும் அரசு கொடுத்துவிடலாம். வீட்டில் இருக்கும் அந்த இரண்டு நாளை யார் கொடுப்பது? தொழிலாளிக்கே உடம்பு சரியில்லை என்றால், தகுதியுள்ளவர்களுக்குக் கூலியில் 70 சதவிகிதத்தை ஈ.எஸ்.ஐ. தருகிறது. அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பணம் கிடையாது. 50-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் 6 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-லேயே சட்டம் வந்தது. ஆனால், நோயுற்ற பிள்ளையைக் காப்பகத்திலும் விட முடியாதே?

ஸ்வீடனில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருக்கலாம். சம்பளத்தில் ஏறக்குறைய 80 சதவிகிதத்தை அரசுக் காப்பீடு தரும். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 120 நாள் வரை. பிப்ரவரியில் இந்த லீவு அதிகம் என்பதால், அந்த மாதத்துக்கே 'வாப்ருவாரி' என்று கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பின்னலாடைகளை உலகத்துக்கு அனுப்பும் கம்பெனிகளுக்கு, ஆண்டுக்குச் சில நாள் கூலியோடு லீவு கொடுப்பது முடியாத காரியமல்ல. ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் அடுத்த வாரம் வேலைக்கு வருவார்கள் என்ற கணக்கு முதலாளிக்கும் புரியும். அது வரும் வரை குடும்பத்துக்குள் ஒரு கணக்கு போடலாம். திங்கள் அம்மா லீவு என்றால், செவ்வாய் அப்பா லீவு. வேன் ஏறும் முன் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும், சுட்டால் வீட்டில் இருப்பதும் அம்மாவின் வேலை மட்டுமல்ல.