உத்தரவு வந்துச்சா?

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இரண்டு எப்போதோ முங்கிவிட்டன. ஒன்று தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லி. இன்னொன்று கீழக்கரைத் தீவுக்கூட்டத்துப் பூவரசன்பட்டி. சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்துவிட்டார்கள். சுண்ணாம்புக்கு, கட்டடத்துக்கு. அதன்பின் அலையைத் தடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

எண்ணிக்கையை மட்டும் யாரும் குறைக்கவில்லை.

•

நண்பன் ஒருவனோடு பேச்சு நின்றுபோயிற்று. பணத் தகராறு இல்லை. ஒரு வார்த்தை. "நீ எப்பவும் கணக்குப் பாக்குற ஆளுடா."

எல்லாரும் இருக்கும்போது சொன்னான்.

அதைத்தான் விழுங்க முடியவில்லை.

•

ஏர்வாடி தர்கா வாசல் கடைகள். பச்சைப் போர்வை, சந்தனம், ஊதுபத்தி, சர்க்கரைப் பொட்டலம். நேர்ச்சைக்கு வந்த ஆட்டுக்குட்டி ஒன்று சுவரொட்டியைத் தின்கிறது. முகம் போய்விட்டது. கும்பிட்ட கை மட்டும் மிச்சம்.

வியாழன் ராத்திரி என்றால் கால் வைக்க இடம் கிடையாது. பட்டை போட்டவர்கள், சிலுவை போட்டவர்கள், எல்லாரும்தான்.

•

மனம் சரியில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, இங்கேயே தங்குகிறார்கள். தர்காவில் அடங்கியிருக்கும் பாதுஷா கனவில் வந்து உத்தரவு கொடுத்தால்தான் ஊருக்குப் போவார்கள். மாதக் கணக்கில் இருப்பவர்கள் உண்டு. துணைக்கு வந்தவர்கள் பாய், ஸ்டவ், வாளியோடு குடும்பமே நடத்துகிறார்கள்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"உத்தரவு வந்துச்சா தம்பி?"

"இன்னும் இல்லம்மா."

"வரும். சாப்டீயளா?"

நான் சும்மா வந்தவன் என்று சொல்லத் தோன்றவில்லை.

•

2001 ஆகஸ்ட் 6. விடியும் முன். இதே ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். அப்புறம்தான் அந்த மாதிரிக் காப்பகங்களை அரசு மூடியது.

வேறு தாளில் எழுத வேண்டியது. என் மனத்தாங்கலுக்குப் பக்கத்தில் இது வரக் கூடாது. ஆனால் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதாமலும் முடியாது.

•

இந்தப் பக்கத்தில் கடலைத் தென்கடல், வடகடல் என்று பிரித்துச் சொல்கிறார்கள். வாடைக் காற்றில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் தணிந்து கிடக்கும். கச்சான் காற்றில் அப்படியே மாறும்.

ஏர்வாடி தென்கடல் கரை.

•

சின்ன ஏர்வாடி. பாசி எடுக்கப் போகும் பெண்கள். இருட்டு பிரியும் முன்பே கரைக்கு வந்துவிடுகிறார்கள். தேடிப் போவது மரிக்கொழுந்துப் பாசி. அதிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, தீவுப் பக்கம் போனால் வனத்துறை விரட்டும் என்கிறார்கள்.

பாறை கிழிக்காமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்ற வேண்டும். பழைய சேலைக் கிழிசல். இடது கைக்குத் தானே சுற்றிக்கொள்ளலாம். பல்லால் கடித்து முடிச்சைக் கூட இறுக்கிவிடலாம். துணி சுற்றிய இடது கையை வைத்துக்கொண்டு வலது கைக்குச் சுற்ற வராது. இன்னொருவர் வேண்டும்.

ஓர் அக்கா வலது கையை நீட்டினார். எதிரே இருந்தவர் சுற்றினார். கட்டை விரலில் தொடங்கி, கணுவை விட்டு, நுனியை இரண்டு சுற்று கூட. பிறகு இவர் அவருக்கு. இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. முகத்தையும் பார்த்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது" என்றார் வள்ளத்துக்காரர். "போன கச்சானுக்கு முந்தியிருந்தே."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

வெகுநேரம் அங்கேயே நின்றேன். வெயில் ஏறியபோதுதான் பசி தெரிந்தது. நன்றாகச் சாப்பிட்டேன். நெடுநாளைக்கு அப்புறம்.

•

ராமேஸ்வரத்தில் ஒரு பள்ளி வகுப்பு. புது வாத்தியார், தொப்பி போட்ட பையன் பூணூல் போட்ட பையனோடு உட்காரக் கூடாதென்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அனுப்பப்பட்டவர் அப்துல் கலாம். அழுதது முன் பெஞ்சில் இருந்த ராமநாத சாஸ்திரி. அந்த அழுகையைக் கலாம் 'அக்னிச் சிறகுகள்' எழுதும் வரை மறக்கவில்லை.

ராமநாதனின் அப்பா லட்சுமண சாஸ்திரி, கோயிலின் தலைமைக் குருக்கள். வாத்தியாரைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் போய்விடு என்றார்.

பெரியவர்கள் புகுந்து தீர்த்துவைக்கும் வயசு அது.

•

கீழக்கரையில் இறங்கித் தொதல் வாங்கினேன். தேங்காய்ப்பால், அரிசிமாவு, கருப்பட்டி. கிண்டிக் கிண்டிக் கை ஓய்ந்துபோகும் பண்டம். கத்தியில் ஒட்டியதைக் கடைக்காரர் விரலால் வழித்து, தன் பேரன் வாயில் வைத்தார். பையன் கடித்துவிட்டான். "ஏலேய்" என்று கையை உதறினார். அடுத்த வழிப்பையும் அவன் வாயிலேதான் வைத்தார்.

•

அவன் நம்பரை அழிக்கவில்லை.

•

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திருப்புல்லாணி தாண்டும் முன்பே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எண்ணெய் வைத்த தலை. சட்டையில் கறை படிந்தது. எழுப்பவில்லை.

ராமநாதபுரத்தில் அவரே விழித்துக்கொண்டார். வாயைத் துடைத்தபடி, "டீ குடிக்கலாமா?" என்றார். வெகுநாள் பழக்கம் போல.

குடித்தோம். பரமக்குடியில் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம். பையன் நல்ல பையன், ஆனால் அதிகம் பேசமாட்டேன் என்கிறான், கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டார்.

என்னிடம்தான் கேட்டார். பொண்ணு என்ன சொல்லுது என்று முதலில் கேளுங்கள் என்றேன். "அதுவும் சரிதான்" என்றபடி வடைக்குச் சொன்னார்.