அம்மா கேட்கும் புத்தகங்கள்

“இந்தப் பொண்ணுக்கு எங்கேயாவது போகணுமா? ஏன் இப்படி அவசரப்படுது?”

வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. அம்மா சொன்ன ‘பொண்ணு’, மேசைமேல் இருந்த சிறிய ஒலிபெருக்கிக்குள்ளிருந்து சிறுகதை படித்துக்கொண்டிருந்த ஒரு குரல்.

அம்மாவுக்குக் கண் அழுத்த நோய். அந்த நோய் ஓசைப்படாமல் வருவது. முதலில் பக்கவாட்டுப் பார்வை குறைந்தது. கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டபோதெல்லாம், வயதாகிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மருத்துவரிடம் போனபோது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற முயலலாம் என்றார். அடுத்த சில ஆண்டுகளில் அச்சு எழுத்துகள் அம்மாவைவிட்டு விலகிப்போயின. நாள்தோறும் நாளிதழையும், வாரத்துக்கு ஒரு நூலகப் புத்தகத்தையும் படித்து முடித்தவர் அவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்த நாளில் அவர் ஒன்றும் பேசவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமாகவே துலக்கினார்.

அதற்குப் பிறகுதான் ஒலிநூல்களைத் தேடத் தொடங்கினேன். பாடத்திட்டத் துறையில் வேலை செய்பவள் என்பதால், இதைப் பற்றி எனக்கு ஏற்கெனவே ஒரு கருத்து இருந்தது. ஒலிநூல் என்பது சோம்பேறிகளின் குறுக்குவழி. புத்தகத்தைப் படிக்காமலேயே படித்ததாகச் சொல்லிக்கொள்ள உதவும் ஒன்று. அலுவலகக் கூட்டங்களில்கூட இப்படிப் பேசியிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால், ஒலிநூல் சோம்பேறிகளுக்காகப் பிறந்தது அன்று. பேச்சைப் பதிவு செய்யும் கருவியைத் தாமஸ் எடிசன் 1877ஆம் ஆண்டில் உருவாக்கினார். அது எதற்கெல்லாம் பயன்படும் என்று அவர் எழுதியபோதே, பார்வையற்றவர்களுக்கான பேசும் புத்தகங்களையும் குறிப்பிட்டார். பிரிட்டனில் 1935ஆம் ஆண்டில் ‘பேசும் புத்தகங்கள்’ சேவை தொடங்கியது. முதல் உலகப் போரில் பார்வையை இழந்து திரும்பிய வீரர்கள் அதன் முதல் பயனாளர்களில் அடங்குவர். அன்று புத்தகம் இசைத்தட்டுகளில் வந்தது. ஒரு தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 25 நிமிடம் ஓடும். ஒரு நாவலைக் கேட்டு முடிக்கப் பல தட்டுகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். முதலில் வந்த நூல்களில் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல். கொலையாளி யார் என்று தெரியும் நேரத்தில் தட்டைத் திருப்பிப் போட வேண்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. தேசிய நூலக வாரியத்தின் செயலியில் ஒலிநூல்களை இரவல் வாங்கலாம். மற்றச் செயலிகளிலும் இணையத்திலும் தமிழ்க் கதைகள் கிடைக்கின்றன. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ போன்ற பெரிய நாவல்களைக்கூடக் கேட்டு முடிக்கலாம். ஆகவே கதை கிடைப்பதில் சிக்கல் இல்லை. அம்மாவுக்குக் குரல்தான் சிக்கலாக இருந்தது.

முதல் குரலைப் பற்றி அவர் சொன்னதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் உச்சரிப்பில் குறை இல்லை. ழகரம் அழகாக வந்தது. ஆனால் ஒரு வாக்கியம் முடியும் முன்பே அடுத்தது வந்து நின்றது. ஆங்கில ஒலிநூல்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சொற்கள் என்ற வேகத்தில் படிக்கப்படுவது வழக்கம். தமிழுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது நமக்கு ஒரே சொல். அதற்குள் எத்தனை செய்திகள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். காதில் விழுந்த சொல்லைப் பிரித்துப் பொருள் கொள்ளக் கேட்பவருக்குச் சிறிது நேரம் வேண்டும். கண்ணால் படிக்கும்போது அந்த நேரத்தை நாமே எடுத்துக்கொள்கிறோம். காதால் கேட்கும்போது படிப்பவர்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, ஒரு சரித்திர நாவலைப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனிக் குரல். குதிரைக் குளம்பொலி, வாள் மோதும் ஓசை, பின்னணி இசை எல்லாம் இருந்தன. அம்மா மூன்று நாள் ஆர்வமாகக் கேட்டார். சிறுவயதில் வானொலி நாடகம் கேட்ட நினைவு வந்ததாம். நான்காம் நாள், “நாடகம் நல்லாத்தான் இருக்கு. புத்தகம் எங்கே?” என்றார்.

முதலில் எனக்கு அது புரியவில்லை. பிறகு நானே உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். எழுத்தாளர் ஓர் ஆற்றங்கரையின் மாலை நேரத்தை வருணிக்கத் தொடங்கியதும், புல்லாங்குழல் முந்திக்கொண்டு வந்து அந்த மாலையைக் காட்டிவிட்டது. நாம் மனத்தில் வரைய வேண்டிய படத்தை வேறொருவர் வரைந்து முடித்துவிட்டார். நாடகமாக அது சிறப்பானதுதான். ஆனால் அம்மா இழந்தது நாடகத்தை அன்று. வாக்கியங்களோடு தனியாக இருக்கும் இன்பத்தைத்தான் அவர் இழந்திருந்தார்.

மூன்றாவது, கைப்பேசியில் உள்ள கணினிக் குரல். எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் அது படித்துவிடும், களைப்படையாது. நாளிதழ்ச் செய்திக்கு அது போதும். கதையில்தான் மாட்டிக்கொண்டது. ‘அவள் முகத்தில் எந்தப் பாவமும் இல்லை’ என்று ஒரு வரி. முகபாவம் என்பதில் வரும் பாவம் அது. கணினியோ பாவம், புண்ணியம் என்பதில் வரும் பாவமாக அதைப் படித்தது. எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. “முகத்துல பாவம் இல்லையாம், கைகாலுல இருக்கோ என்னவோ!” என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்ததால், அந்தக் கணினிமேல் எனக்குக் கோபம் வரவில்லை.

தமிழ் ஒலிநூலைப் படிப்பவருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. நாம் எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ். கதையில் ‘போய்விட்டான்’ என்று வரும். உரையாடலில் ‘போயிட்டான்’ என்று வரும். நல்ல வாசகர் இந்த இரண்டுக்கும் இடையே, நாம் உணராத வகையில் போய்வருவார். சிலர் எழுத்துத் தமிழை மேடைப் பேச்சுப்போல் முழங்குகிறார்கள். வேறு சிலர் பேச்சு வழக்கு வந்ததும், சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்து நடிக்கத் தொடங்குகிறார்கள். ஆண் வாசகர்கள் பெண் பாத்திரங்களுக்குக் கீச்சுக் குரலில் பேசும்போது எனக்குப் பொறுக்க முடிவதில்லை. சற்றே மென்மையாகப் படித்தால் போதுமே, பேசுவது பெண் என்று எங்களுக்குத் தெரியாதா?

இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்த அம்மா, ஒரு நாள் மாலை, “நீ படியேன்” என்றார்.

எனக்கு உள்ளூரப் பெருமை. வாய்விட்டு வாசித்தல் தேர்வில் மாணவர்களிடம் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்தியவள் நான். உச்சரிப்பு, தொனி, நிறுத்தம், சரளம் எல்லாவற்றையும் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே அம்மா என் கைமேல் கை வைத்து நிறுத்தினார்.

“எங்கே ஓடுறே? நான் இன்னும் முன்னாடி வரியிலதாம்மா இருக்கேன்.”

அன்றுதான் தாத்தாவைப் பற்றிய கதையைச் சொன்னார். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் கப்பல்களுக்குச் சாயம் பூசும் வேலை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதும் தெரியும். ஆனால் பள்ளி விட்டு வந்ததும், அம்மா நாள்தோறும் அவருக்குத் தமிழ்ப் பத்திரிகை படித்துக் காட்டியது எனக்குத் தெரியாது. வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, தேநீரோடு வாசற்படியில் உட்காருவாராம் தாத்தா. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேரும் வந்து சேர்ந்துகொள்வார்களாம். பதினாறு வயதுப் பெண் படிக்க, பெரியவர்கள் கேட்பார்கள். படித்து முடித்துவிட்டு விளையாடப் போக வேண்டும் என்பதால் அம்மாவும் வேகமாகத்தான் படிப்பாராம்.

1968ஆம் ஆண்டு ஜனவரியில், பிரிட்டிஷ் அரசாங்கம் 1971ஆம் ஆண்டின் முடிவுக்குள் தன் படைகளைச் சிங்கப்பூரிலிருந்து மீட்டுக்கொள்ளப்போவதாக அறிவித்தது. தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அது சாதாரணச் செய்தி அன்று. வேலையும் போகலாம், குடியிருக்கும் வீடும் போகலாம். அந்தச் செய்தியையும் அம்மாதான் படித்துக் காட்டியிருக்கிறார்.

“எனக்குப் பயமா இருந்துச்சு. அதனால கடகடன்னு படிச்சு முடிச்சுட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, ‘இன்னொரு தடவை படிம்மா, மெதுவா’ன்னாரு. படிச்சேன். ஒவ்வொரு வரியும் முடிஞ்சதும் தலையை ஆட்டுனாரு. அதுக்கப்புறம்தான் அடுத்த வரிக்குப் போனேன்.”

தாத்தா பிறகு அங்கேயே கப்பல் பட்டறையில் வேலையைத் தொடர்ந்தார் என்பது வேறு கதை. அந்த மாலையிலிருந்து தாம் வேறு மாதிரி படிக்கத் தொடங்கியதாக அம்மா சொன்னார். பத்திரிகையைப் பார்ப்பதைவிட அப்பாவின் தலையைப் பார்த்துத்தான் அதிகம் படித்தாராம். நான் பயிலரங்குகளில் காட்டும் படவில்லைகள் எதிலும் இது இல்லை.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களை அடுத்து, 42ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்திருக்கிறார். நூல்களைக் கற்க இயலாவிட்டாலும் கற்றவரிடம் கேட்டறிய வேண்டும் என்பது அங்கே அவர் சொல்லும் கருத்துகளில் ஒன்று. வாசற்படியில் உட்கார்ந்து கேட்ட தாத்தாவைப் பற்றி அறிந்த பிறகு, ‘கேட்பது படிப்பதாகுமா?’ என்ற கேள்வியை அலுவலகத்தில் யாராவது எழுப்பினால், நான் முன்புபோல் உடனே தலையாட்டுவதில்லை.

அதற்காக, இரண்டும் ஒன்றே என்றும் நான் சொல்லமாட்டேன். எழுத்துக்கூட்டலைக் காது மட்டும் கற்றுத்தராது. ரகரமும் றகரமும் பலர் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ‘கரை’யா ‘கறை’யா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். கேட்கும்போது மனம் அலைவதும் எளிது. நானே பெருவிரைவு ரயிலில் ஒரு நாவலைக் கேட்டுக்கொண்டு வந்து, மூன்று நிலையங்கள் கடந்த பிறகு, கதாநாயகன் எப்போது சிறைக்குப் போனான் என்று தெரியாமல் விழித்திருக்கிறேன். உங்களில் சிலர் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பதாகச் சொல்கிறீர்கள். தகவலுக்கு அது உதவலாம். அழுகிற ஒருவரை ஒன்றரை மடங்கு வேகத்தில் அழவைத்துக் கேட்பது எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

இப்போது வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. பகலில் அம்மா ஒலிநூல் கேட்கிறார். அவருக்குப் பிடித்த ஒரு குரல் கிடைத்துவிட்டது. வயதான ஆண் குரல். அலங்காரம் எதுவும் இல்லாமல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படிப்பதுபோல் இருக்கும். அந்தப் பெரியவர் என்ன புத்தகம் படித்தாலும் அம்மா கேட்பார். இரவில் நான் பத்துப் பக்கம் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகளின் முறை. அவள் நீண்ட சொற்களில் தடுக்கி நிற்பாள். அம்மா எடுத்துக் கொடுப்பதில்லை. அவளே உடைத்துச் சொல்லும்வரை காத்திருப்பார். சில சமயம் ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். நான் பொறுமை இழந்து வாய் திறந்தால், “நீ சும்மா இரு” என்று எனக்குத்தான் திட்டு விழும்.

சென்ற மாதம் ஒரு மாநாட்டுக்காக நான் ஐந்து நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. போவதற்கு முன், ஐந்து அத்தியாயங்களைக் கைப்பேசியில் படித்துப் பதிவு செய்துவைத்தேன். கேட்டுப் பார்த்தபோது, நான் மூச்சு விடும் ஓசை, பக்கம் புரட்டும் ஓசை, கீழே யாரோ மோட்டார் சைக்கிளை முடுக்கும் ஓசை எல்லாம் அதில் இருந்தன. நல்ல ஒலிநூல்களில் இவற்றையெல்லாம் நீக்கிவிடுவார்கள். எனக்கு நேரம் இல்லை. அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

நான்காம் நாள் இரவு விடுதி அறையிலிருந்து அழைத்தேன்.

“எப்படிம்மா இருந்துச்சு? ரொம்ப இரைச்சலா இருந்துச்சா?”

“இரைச்சலெல்லாம் ஒண்ணும் இல்லை. நீ மூச்சு விடுறது கேட்டுச்சு. பக்கத்துல உக்காந்த மாதிரி இருந்துச்சு.” சற்றுத் தயங்கிவிட்டுத் தொடர்ந்தார்: “ஆனா மூணாவது அத்தியாயத்துல ‘காலை வேளை’ன்னு வர்ற இடத்துல ‘காலை வேலை’ன்னு படிச்சிருக்கே. நீதானே பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் போடுறே?”

அந்த அத்தியாயத்தை விடுதி அறையிலேயே மீண்டும் படித்துப் பதிவு செய்து, அன்றிரவே அனுப்பினேன்.