பால் உறையும் கணக்கு

மலேசியாவின் சுங்காயைச் சுற்றி இன்று செம்பனைதான் நிற்கிறது. பால்மரம், அதாவது ரப்பர் மரம், நின்ற காலத்தில், வெட்டி முடித்து மங்குகளிலிருந்து சேர்த்த பால் வாளிகளில் தோட்டத்து ஸ்டோருக்கு வரும். அதை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஆசிட் ஊற்றுவார்கள். ஆசிட் என்றால் பார்மிக் அமிலம்; எறும்பின் உடம்பில் இருக்கிற அதே பொருள். அதை ஊற்றிய கைகளின் அறிவை நம் பிள்ளைகள் வேதியியலாகவே படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பாலில் ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. ஒன்றையொன்று விலக்குவதால் ஒட்டுவதில்லை. புதுப்பாலின் பி.எச். ஏறக்குறைய 7. அதை 5-க்குச் சற்றுக் கீழே இறக்கினால் மின்னேற்றம் அடங்கி, துகள்கள் சேர்ந்து உறைந்துவிடும்.

பார்மிக் அமிலம் வீரியம் குறைந்த அமிலம். 1 விழுக்காட்டுக் கரைசலில் நூற்றுக்குச் சுமார் 3 மூலக்கூறுகளே ஹைட்ரஜன் அயனியை விடுகின்றன, பி.எச். 2.2 அளவில் நிற்கிறது. அதே மோலார் செறிவில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால் 0.7. பார்மிக் கரைசலில் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்தாலும் பி.எச். 2.7-தான், ஏனெனில் நீர்க்க நீர்க்க இன்னும் பல மூலக்கூறுகள் பிரிகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம்: பாலில் விழுந்ததும், விட்ட அயனிகளைப் பால் எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள, மிச்சம் இருந்தவையும் பிரிந்து வருகின்றன. பி.எச். 5-ஐ நெருங்கும்போது பத்தில் ஒன்பதுக்கு மேல் பிரிந்தாயிற்று. ஆகவே வாளியில் இருக்கும் கரைசலின் பி.எச்.-ஐ மட்டும் அளந்தால் அது எவ்வளவு பாலை உறையவைக்கும் என்று தெரியாது. ஆசிட்டின் மொத்த அளவே கணக்கு.

ஸ்டோரில் அதைக் கண்ணால் பார்த்தார்கள். கட்டியைச் சுற்றி நிற்கும் நீர் தெளிந்திருந்தால் ஆசிட் சரி; பால்போல வெளுத்திருந்தால் போதவில்லை. கூடிப்போனால் கட்டி இறுகி, ஷீட்டாக்க ரோலரில் தள்ளுவது பெரும்பாடு. கந்தக அமிலம் மலிவுதான், ஆனால் ஷீட்டில் தங்கி ரப்பரைக் கெடுக்கும். பார்மிக் ஆவியாகிவிடும் இயல்புடையது. கழுவலிலும் புகைவீட்டிலும் பெரும்பகுதி போய்விடும்.

வீரியம் குறைந்தது என்றாலும், கேனில் வரும் அடர்ந்த பார்மிக் அமிலம் தோலைப் பொசுக்கும். அதைத் தண்ணீரில் நீர்க்கச் செய்தவர்கள் கையுறை இல்லாத தொழிலாளர்கள். மலேசிய இடைநிலைப் பள்ளி வேதியியலில் பால் உறைவது பாடமாகவே இருக்கிறது. அதை நடத்தும் ஆசிரியர், மேலே சொன்ன 2.2-ஐயும் 2.7-ஐயும் பிள்ளைகளையே கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லட்டும். வீட்டில் பாட்டி இருந்தால், ஸ்டோரில் ஆசிட் எப்படிக் கலந்தார்கள் என்று கேட்டு வரவும் சொல்லட்டும்.