இருபத்தாறு வாரம்

டிசம்பர் 14, 2024

சிடெட் எனும் மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதிவிட்டு வந்தேன், தாள் 2. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வீட்டுக்குள் வந்த தண்ணீரை வாரி இறைத்த கையோடு இந்தத் தேர்வுக்குப் படித்தேன். 150 வினா, இரண்டரை மணி நேரம், தேற 90 மதிப்பெண். கணிதம்-அறிவியலுக்கு 60, இரண்டு மொழிக்கும் முப்பது முப்பது, குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30. அந்தக் கடைசி முப்பதுக்காகப் படித்த உளவியலாளர் வைகாட்ஸ்கி மனத்தில் நிற்கிறார். தனியாகச் செய்ய முடியாததைச் சிறு துணை கிடைத்தால் பிள்ளை செய்துவிடும் என்கிறார். அந்தத் துணையாக இருக்கத்தான் ஆசைப்படுகிறேன்.

ஜனவரி 9, 2025

தேறிவிட்டேன்! கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் 2010 ஆகஸ்ட் 23 அன்று வந்த அறிவிக்கைதான் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்த இந்தத் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. முன்பு இந்தச் சான்றிதழ் ஏழு ஆண்டுதான் செல்லும். 2021இல் அதை ஆயுள் முழுவதற்கும் ஆக்கினார்கள். பி.எட்.டும் கையில் இருக்கிறது. நிரந்தரப் பணியிடம் எப்போது வரும் என்று தெரியாது. லீவு வேகன்சி கிடைத்தாலும் போவேன்.

ஜூன் 16

கிடைத்தது. ஒரு கணித ஆசிரியை பிரசவ விடுப்பில் போகிறார். 2017 சட்டத் திருத்தம் 12 வார விடுப்பை 26 வாரமாக்கியது. தாய்க்கு அது உரிமை. வகுப்புக்கோ கிட்டத்தட்ட அரை ஆண்டுப் பாடம். தலைமை ஆசிரியை முதலில் கேட்டதே, "டெட் முடிச்சிருக்கியாம்மா?" என்றுதான். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

விடுப்பில் போகிற அக்கா மதிப்பெண் பதிவேட்டைக் கொடுத்துவிட்டு, "ஏழாவதுல மூணு பசங்க கழித்தல்லயே நிக்கிறாங்க. அவங்கள விட்டுடாதீங்க" என்றார். ஒரு வகுப்பை ஒப்படைப்பது என்றால் இதுதான்.

ஜூலை 8

"மிஸ், எங்க மிஸ் எப்ப வருவாங்க?" என்று இன்னும் கேட்கிறார்கள். சப்ஸ்டிடியூஷன் பீரியட் என்றால் விளையாட்டு பீரியட் என்று பழகிய பிள்ளைகள்.

இன்று குறை எண்களைக் கழித்தல். அந்த மூவரில் ஒருவன் வைத்திக்குப்பத்துப் பையன், அப்பா கடலுக்குப் போகிறவர். "டீசல் கடன் 800 ரூபாய். அதுல 300 தள்ளுபடி ஆச்சுன்னா?" என்றேன். "ஐநூறுதான் பாக்கி மிஸ்!" கரும்பலகையில் −800 − (−300) = −500 என்று அவனையே எழுதச் சொன்னேன். எழுதினான். அடுத்த கணக்கைக் கேட்காமலே போட்டான்.

ஆகஸ்ட் 16

விடுமுறை. 1962இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த நாள். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் நினைவு இல்லத்துக்குப் போனேன். கனக சுப்புரத்தினம் என்ற இயற்பெயரில் 1909இல், பதினெட்டு வயதில், காரைக்கால் நிரவியில் தமிழாசிரியராகச் சேர்ந்தவர். 1946இல் ஓய்வு பெறும்வரை வகுப்பறையை விடவில்லை. கவிஞரைக் கொண்டாடும் ஊர் அந்த வாத்தியாரையும் கொண்டாட வேண்டும்.

செப்டம்பர் 2

ஆசிரியர் அறையில் எல்லோரும் நேற்றைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றித்தான் பேசினோம். ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள், பணியில் இருந்தாலும், இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். பல ஆண்டுகள் பாடம் நடத்திய கைகளுக்கு இது கடினம். அவர்களுக்குப் பயிற்சியும் அவகாசமும் தருவது அரசின் கடமை.

அதே கண்டிப்பு தற்காலிக ஆசிரியரின் சம்பளத்திலும் வேண்டும். 2022இல் தமிழக அரசுப் பள்ளிகளில் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதே பாடம், அதே பிள்ளைகள், அதே தேர்வு. விடுப்பு ஆசிரியைக்குத்தான்; பிள்ளைகளுக்கு ஏழாம் வகுப்பு இன்னொரு முறை வராது. அதனால் இருபத்தாறு வாரத்துக்கு வருகிறவரிடமும் முழுத் தகுதியைக் கேளுங்கள். கேட்டால், முழு ஆசிரியருக்குரிய ஊதியத்தையும் மரியாதையையும் கொடுங்கள்.