கதவுக்குப் பின்னால் ஒரு செம்பு

சஸ்பென்ஸ் நாவல்கள் வாசிக்கிறவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். இலக்கியக் கூட்டங்களில் இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஸ்காபரோவிலிருந்து டவுன்ரவுனுக்கு வேலைக்குப் போய்வந்த இருபது வருடங்களில் பஸ்ஸிலும் சப்வேயிலும் நான் வாசித்துத் தள்ளியவை பெரும்பாலும் அவைதான். தனி வீடு, தனிப் பெண், இரவில் ஒரு சத்தம், அவள் சொல்வதை நம்பாத ஊர்.

ஏ. ஜே. ஃபின்னின் 'த வுமன் இன் த விண்டோ' (2018) இந்த வகைக்கு நல்ல உதாரணம். வீட்டைவிட்டு வெளியே கால் வைக்க முடியாத ஒரு பெண் நியூயோர்க்கில் சன்னலோரம் இருந்து அயலைப் பார்க்கிறாள். எதிர் வீட்டில் ஒரு குற்றத்தைக் கண்டதாகச் சொல்கிறாள். குடிக்கிறவளின் கதை என்று ஒருவரும் நம்பவில்லை. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் கடைசியில் உண்மை வெளிப்பட்டதும், பல்லுப் பிடுங்கியதுபோலப் பயமும் தீர்ந்துவிடுகிறது. அது எனக்குப் பொய்யாகப் பட்டது.

பிறகுதான் ஷேர்லி ஜாக்சனின் 'வீ ஹாவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் த காசில்' கைக்கு வந்தது. 1962இல் வந்த நாவல், அவர் எழுதி முடித்த கடைசி நாவலும் அதுதான். ஒரு பெரிய வீட்டில் இரண்டு சகோதரிகள், சக்கர நாற்காலியில் ஒரு சித்தப்பா. மற்றவர்கள் ஆறு வருடங்களுக்கு முன் சீனியில் கலந்த ஆர்சனிக்கால் இறந்துபோனார்கள். ஊர் அவர்களை வெறுக்கிறது. பதினெட்டு வயது இளையவள் மெரிகற், வீட்டைக் காக்கவென்று காசுகளை மண்ணில் புதைக்கிறாள், ஒரு புத்தகத்தை மரத்தில் ஆணியடித்து வைக்கிறாள்.

அந்த ஆணியடித்த புத்தகத்தில் நான் நின்றுவிட்டேன். இறங்கவேண்டிய ஸ்ரேஷனும் தாண்டிப்போனது.

என் அம்மா ஒரு தொடர்மாடியில் பதினோராம் மாடியில் தனியாக இருக்கிறா. இரவில் கதவுக்குப் பின்னால் ஒரு கதிரை வைத்து, அதன்மேல் எவர்சில்வர் செம்பு ஒன்றை வைப்பா. கதவு திறந்தால் செம்பு விழும். வாசற்படியில் விபூதிக் கோடு. யாராவது மணி அடித்தால் ரீவியை நிறுத்தி, லைற்றையும் அணைத்துவிடுவா. என்னிடம் சாவி உண்டு, அதனால் செம்பை விழுத்துகிறவன் எப்போதும் நான்தான். எத்தனை தரம் சத்தம் போட்டிருப்பேன். "இது கனடா அம்மா, இஞ்ச ஒருத்தரும் வரமாட்டினம்."

1988இல், யாழ்ப்பாணத்தில், நாய்கள் குரைத்த ஓர் இரவில் எங்கள் கதவைத் தட்டினார்கள். அரிக்கன் லாம்பைத் தணித்துவைத்துக்கொண்டு நாங்கள் மூச்சுவிடாமல் இருந்தோம். இரண்டாம் தரம் தட்டியபோது அம்மா எழும்பிப் போய்த் திறந்தா. அண்ணாவை விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவ்வளவுதான்.

அன்றைக்குத் திறந்தது அம்மா என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் கதைத்ததில்லை. நானும் யோசித்ததில்லை, அந்தப் புத்தகம் வரைக்கும்.

ஜாக்சனின் நாவலில் ஒரு தீ விபத்துக்குப் பிறகு ஊர்ச்சனம் புகுந்து வீட்டை அடித்து நொறுக்குகிறது. சகோதரிகள் மிஞ்சிய சமையலறையில் அடைந்துகொள்கிறார்கள். பிறகு அதே சனம் வெட்கப்பட்டு, இரவில் வாசலில் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறது. அவர்கள் ஒளித்திருந்து பார்க்கிறார்கள். தட்டினாலும் திறப்பதில்லை. இந்த நாவலுக்குப் பின் ஜாக்சனும் சில காலம் வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் இருந்தாராம். 1965இல் 48 வயதில் இறந்துபோனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். நஞ்சு வைத்தது யார் என்று கேட்பா என நினைத்தேன். பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தவ நிமிரவில்லை.

"அந்தப் பிள்ளையள் பேந்து கதவைத் திறந்தவையோ?"

"இல்லை அம்மா."

"நல்லது."

அன்றிரவு வெளிக்கிட்டு, சாவியால் பூட்டிவிட்டு, கொறிடோரில் நின்றேன். லிஃப்ற் வந்தது, போகவிட்டேன். உள்ளே கதிரை இழுபட்டது. கொஞ்ச நேரம் சென்று செம்பு வைக்கிற சத்தம் கேட்டது. அடுத்த லிஃப்றில் இறங்கினேன்.