கருப்பைக்குள் ஒரு காலண்டர்

1945 ஆகஸ்ட் 6 அன்று காலை ஹிரோஷிமாவில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். ஒருவருக்கு ஆறு வாரம், இன்னொருவருக்குப் பத்து, வேறொருவருக்கு நிறைமாதம். குண்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் வயிற்றில் இருந்த குழந்தைகளின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது அந்தக் கணக்குதான்.

ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டு விழுந்தபோது கருவிலிருந்த சுமார் 1,600 பேரை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். 30 பேருக்குக் கடுமையான மனவளர்ச்சிக் குறைபாடு. அவர்களில் பலருக்குத் தலையும் சிறுத்தே இருந்தது. 1984-ல் ஒடாகேயும் ஷல்லும் வெளியிட்ட ஆய்வு ஒரு விசித்திரத்தைக் காட்டியது. எட்டு முதல் 15 வாரக் கருக்களுக்கே பாதிப்பு மிக அதிகம். 16 முதல் 25 வாரம் வரை குறைவு. எட்டு வாரத்துக்கு முன்போ, 25-க்குப் பின்போ அப்படி ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.

ஏன் அந்தச் சில வாரங்கள் மட்டும்? மூளையின் நடுவே உள்ள திரவ அறைகளின் சுவரில் நரம்புக் குருத்தணுக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பெருமூளைப் புறணிக்கு வேண்டிய நரம்பணுக்களை அவை மும்முரமாகப் பெற்றெடுக்கும் காலம் அது. பிறந்த ஒவ்வொரு அணுவும் மேல்நோக்கிப் பயணப்பட வேண்டும். முதலில் பிறந்தவை அடித்தளத்தில் தங்கும். பின்னால் பிறந்தவை அண்ணன்மாரைக் கடந்து மேல்தளத்துக்குப் போகும். ஒரே தாயணு முதலில் ஒரு வகை, பிறகு வேறு வகை, கடைசியில் துணை அணுக்கள் என்று காலத்துக்கேற்பப் பிள்ளைகளை மாற்றிப் பெறுகிறது.

பழ ஈயில் இந்த முறையை மரபணுக்களின் பெயர் சொல்லியே விளக்க முடிகிறது. ஹன்ச்பேக், க்ரூப்பெல், பி.டி.எம்., காஸ்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக விழித்து அடங்குகின்றன. எது விழித்திருக்கும்போது பிறந்ததோ, அதற்கேற்ற குணம் அந்த நரம்பணுவுக்கு. பாலூட்டிகளில் கடிகாரம் இத்தனை எளிதல்ல. சுற்றுப்புறத்தின் சொல்லும் அங்கே எடுபடுகிறது. மூப்படைந்த குருத்தணுவை இளம் மூளைக்கு மாற்றினால் பழைய வேலையை மறுபடி செய்யும் என்று 2019-ல் ஜெனீவா ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள்.

எலிக்கு அப்படி ஒரு மறுவாய்ப்பை ஆய்வகத்தில் தரலாம். ஹிரோஷிமாவின் கருக்களுக்கு யார் தருவது? தவணை தவறியது தவறியதுதான். எட்டு, ஒன்பது வாரத்தில் கதிர்வீச்சுக்கு ஆளான சிலரின் மூளையைப் பின்னாளில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தபோது, மேலே போயிருக்க வேண்டிய நரம்பணுக்கள் பாதி வழியிலேயே தங்கிவிட்டது தெரிந்தது.

1965-ல் அந்தக் குழந்தைகளின் பெற்றோர் ஒன்றுகூடி 'கினோகோ காய்' என்ற சங்கத்தை அமைத்தார்கள். காளான் சங்கம் என்று பொருள். குண்டின் புகைக் காளானுக்கு அது நினைவூட்டல். உதிர்ந்த இலைகளை முட்டித் தள்ளி எழும் காளானும் அதுதான். பிள்ளைகளுக்கு அப்போது வயது பத்தொன்பது. சாப்பிடவும் உடுத்தவும் பலருக்குத் தாய் துணை வேண்டும். இது குண்டால் வந்த குறைதான் என்று அரசு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது பெற்றோரின் கோரிக்கை. 1967-ல் அரசு ஒப்புக்கொண்டது.

அவர்களில் இருப்பவர்களுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. கோரிக்கை வைத்த தாய்மார்கள் இல்லை.