தெரிந்தே சும்மா இருந்தேன்

அண்ணாச்சியின் கணக்கு அழிந்தது விபத்து என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அது விபத்து இல்லை. டிஸ்க் சாகப் போகிறது என்று எனக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அண்ணாச்சியின் மளிகை மொத்தக் கடை இருக்கிறது. அதன் கம்ப்யூட்டர்களைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று தாமிரபரணிக் கரை ஊர்களின் சில்லறைக் கடைக்காரர்கள் அங்கேதான் சரக்கு எடுப்பார்கள். பாதிக்கு மேல் கடன். யார் எவ்வளவு பாக்கி என்பது முழுக்க சர்வரில் ஓடும் டேலி கணக்கு மென்பொருளில் இருந்தது.

அந்த சர்வருக்கு இரண்டு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டவன் நான். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும் ரெய்டு ஏற்பாடு. "சர்வருக்கு உள்ளதுதான தம்பி?" என்று அண்ணாச்சி கேட்டார். "ஆமா அண்ணாச்சி, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும்" என்றேன். நான் வாங்கியது வீட்டுக் கம்ப்யூட்டருக்கான டிஸ்க். விலை குறைவு. ஒரு டெராபைட் கொள்ளளவு. 360 டெராபைட் எழுதும் வரைதான் உத்தரவாதம் என்று தயாரிப்பாளரே அச்சிட்டிருந்தார். டேலி மட்டும் ஓடியிருந்தால் அது பல வருஷம் தாங்கியிருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குள்ளேயே ஆற்றுத் தண்ணீர் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் கடையில் மூட்டைகளை விட்டுவிட்டுப் பையன்கள் முதலில் சர்வரைத்தான் மாடிக்குத் தூக்கினார்கள். அண்ணாச்சி அப்படிச் சொல்லியிருந்தார். சீனியும் பருப்பும் போயின. கணக்கு பிழைத்தது.

கீழே இருந்த கேமரா ரெக்கார்டர் தண்ணீரில் போயிற்று. புதிது வாங்கும் வரைக்கும் என்று, 12 கேமராவின் பதிவையும் சர்வரிலேயே விழும்படி செய்தேன். முந்தின நாள் படம் இருந்தால் போதும் என்றார் அண்ணாச்சி. அந்த 'வரைக்கும்' முடியவே இல்லை.

அப்போது நான் போடாத கணக்கை இப்போது போட்டுக் காட்டுகிறேன். ஒரு கேமராவுக்கு விநாடிக்கு 4 மெகாபிட். பன்னிரண்டுக்கும் சேர்த்து விநாடிக்கு 6 மெகாபைட். நாளைக்குச் சுமார் 518 ஜிகாபைட், வருஷத்துக்கு 189 டெராபைட். 360 தீர இரண்டு வருஷம் கூட ஆகாது. எஸ்.எஸ்.டி.யில் பழையதை அழித்துப் புதியதை எழுதும் ஒவ்வொரு முறையும், மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் மெல்லிய படலம் கொஞ்சம் சேதமாகும். பழைய சுழலும் டிஸ்க்கைப் போல அது முன்கூட்டிச் சத்தம் போடாது. ஆனால் தன் ஆயுளில் எவ்வளவு மிச்சம் என்பதை எண்ணாகவே எழுதி வைக்கும். அதற்குரிய மென்பொருளைத் திறந்தால் கண்ணில் படும்.

2025 ஆவணியில் வேறொரு வேலைக்காகத் திறந்தபோது என் கண்ணில் பட்டது. மீதம் 11 சதவீதம், இரண்டு டிஸ்க்கிலும் அதே 11. ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் காலில் போட்ட ஜோடிச் செருப்பு மாதிரி இரண்டும் ஒன்றாகத் தேய்ந்திருந்தன. ஓடும் வேகத்துக்கு இரண்டரை மாதம் வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்த மென்பொருளை மூடினேன்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால், "அதுக்குள்ளயா?" என்று கேட்பார். அது சர்வர் டிஸ்க் இல்லை என்பது வெளியே வரும். தீபாவளி வியாபாரம் முடிந்ததும், வேறு காரணம் சொல்லிச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

எனக்கு இந்தத் தொழிலில் விவரம் தெரியாதா என்றால், தெரியும். 2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம் ஓர் எச்சரிக்கை விட்டது. அவர்களுடைய சில எஸ்.எஸ்.டி. வகைகள், உள்ளே இருந்த ஃபர்ம்வேர் பிழையால், 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும். சேர்த்து மாட்டியவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாகும். டேட்டாவை மீட்க முடியாது. அதைப் படித்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பியவன் நான். அதற்குப் பிறகுதான் ஒரே மாடலில் இரண்டை வாங்கி மாட்டினேன்.

தீபாவளி கழிந்து ஒரு காலையில் முதல் டிஸ்க் காணாமல் போயிற்று. புது டிஸ்க்கைச் செருகி நகல் எடுக்க விட்டேன். மிச்சமிருந்த டிஸ்க்கை அடிமுதல் நுனிவரை படித்தால்தான் நகல் முடியும். பாதி ஓடும்போதே அதுவும் நின்றது. தினமும் இரவில் ஓடிய பேக்கப், அதே ஜோடி டிஸ்க்கில்தான் இன்னொரு ஃபோல்டரில் விழுந்து கொண்டிருந்தது. வெளியே எடுத்து வைத்த கடைசிப் பிரதி 2024 மார்ச் முடிவில் எடுத்தது. சென்னையில் டேட்டா மீட்பவர்களிடம் அனுப்பியும் ஒன்றும் வரவில்லை.

ஜி.எஸ்.டி. தளத்தில் ஏறியிருந்த பில்கள் கிடைத்தன. பதிவு இல்லாத சின்னக் கடைகளுக்கு அந்த மார்ச்சுக்குப் பிந்தைய பற்று வரவு எங்கேயும் இல்லை. வெள்ளத்தில் கடையே மூழ்கியவர்களுக்கு அண்ணாச்சி மறுபடி சரக்குக் கொடுத்து, முடிந்தபோது கட்டச் சொல்லியிருந்தார். ஒன்றரை வருஷமாக ஐந்நூறும் ஆயிரமுமாக அவர்கள் கட்டியது அத்தனையும் போயிற்று. ஏரலிலிருந்து ஒரு பெரியவர் மஞ்சள் பைக்குள்ளிருந்து சிட்டையை எடுத்து வைத்தார். தாள் ஓரமெல்லாம் எண்ணெய். "நான் கட்டுனதெல்லாம் இதுல இருக்கு. இத நம்புவீயளா?" என்று கேட்டார். பாக்கி வைத்தவர் தலைகுனிந்து கேட்கிற கேள்வி இல்லை அது. ஒழுங்காகக் கட்டியவரை அப்படிக் கேட்க வைத்தது நான். அண்ணாச்சி சிட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், அவர் சொன்ன தொகையை எழுதிக்கொண்டார். சிட்டை இல்லாதவர்களும் வந்தார்கள். அவர்கள் சொன்னதையும் எழுதிக்கொண்டார். வராதவர்களை அவர் தேடவில்லை.

ஆவணியில் பார்த்த அந்த எண்ணைப் பற்றி அவரிடம் போன வாரம்தான் சொன்னேன். வீட்டு டிஸ்க் என்பதையும் சொன்னேன். "பாத்திருக்கேல்லா? பெறவு ஏன் தம்பி சொல்லல?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. புது டிஸ்க்குகளின் விலையை நான்தான் கொடுத்தேன். அழிந்த கணக்குக்கு ஈடாகக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

கடை வைத்திருக்கிறவர்களே, உங்கள் சர்வரைப் பார்க்கிறவரை நாளைக்கே கூப்பிடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஆயுள் எத்தனை சதவீதம் மீதம் என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். அந்த டிஸ்க்குக்கு வெளியே, கடைக்கும் வெளியே, கணக்கின் பிரதி எந்தத் தேதி வரை இருக்கிறது என்று கேளுங்கள். "ரெண்டு டிஸ்க் இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.